அவரவர் கடல்

"பாவம், அந்தத் தபாலாபீஸ் தெருக்காரங்க. சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்றாள் வேதவல்லி, கல்லில் பொரிந்துகொண்டிருந்த மத்தியைத் திருப்பிப் போட்டபடி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நித்திலா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அக்காவின் வீடு கோயில் தெருவில் இருக்கிறது. தபாலாபீஸ் தெரு அதற்கும் மேற்கே, கடலிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. அங்கே தண்ணீர் போக வேண்டுமென்றால் கோயில் தெருவை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். கடல் என்ன, பஸ் பிடித்தா போகும்?

"நம்ம தெரு, அக்கா?"

"நம்ம தெருதான் தப்பிச்சுடுதே. பலகையில பாத்தன். அம்மன் கோயில் வாசப்படியோட நின்னு, அப்படியே ஆத்துப் பக்கமா சுத்திக்கிட்டுப் போயி, தபாலாபீஸ் தெருவுல பூந்துக்குது. எல்லாம் ஆத்தா புண்ணியம். இன்னொரு மீன் வைக்கவா?"

நித்திலா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அந்தப் பலகையைச் செய்தவளே அவள்தான். கார்த்திகையில் கோயில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பலகை எப்போதோ புரியவைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் சென்னையிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் அவர்களுடைய ஊரான ஆழித்துறையில் சிறப்பு கிராம சபை.

அந்தக் காலத்தில் வானிலை அறிக்கை, "ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்" என்று எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் பேசும். அதெல்லாம் போய்விட்டது. ஆற்று வெள்ளமும் கடல் ஏற்றமும் எந்த நாளில் மோதிக்கொள்ளும், எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்று மாதங்களுக்கு முன்பே கருவிகள் சொல்லிவிடுகின்றன. ஆனால் சொல்வதை ஊராருக்குப் புரியவைப்பது மட்டும் பழைய பாடாகவே இருந்தது. நித்திலா வெள்ளக் காப்புத் துறையில் அந்த வேலைக்குத்தான் பொறுப்பு. கணக்குகளைப் படமாக்கிப் பொதுமக்களுக்குக் காட்டும் பிரிவின் தலைவி அவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீனவக் குப்பத்துக்கு அழகான வரைபடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துவிட்டு ஒருவர், "இது யாரோட ஈசிஜிம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்த வருடம் அந்தக் குப்பத்திலிருந்து யாரும் வெளியேறவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவள் மறுபடியும் அங்கே போனாள். ஈசிஜி என்று கேட்டவரின் வீடு இருந்த இடத்தில் ஒரு கட்டுமரம் குப்புறக் கிடந்தது. படம் புரியாததால் இனி ஓர் உயிர்கூடப் போகக் கூடாது என்று அன்று அவள் முடிவு செய்தாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் பலகை. ஊர் நடுவே நிற்பது ஒரே பலகை. நூறு பேர் முன்னால் நின்றால் நூறு பேருடைய கண்களுக்கும் நூறு படம் அனுப்பும். படித்தவருக்கு எழுத்தும் எண்ணும், எழுத்துத் தெரியாதவருக்குக் குடமும் அண்டாவும், நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு அதற்கேற்ற நிறம். நாம் பலகையைப் பார்க்கும்போது பலகையும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். புருவம் சுருங்கினால் படத்தை மாற்றும். மீண்டும் சுருங்கினால் மீண்டும் மாற்றும். தலை ஆடியதும், 'சரி, இவருக்குப் புரிந்துவிட்டது' என்று அந்தப் படத்தை அவருக்கென்றே வைத்துக்கொள்ளும். தலை ஆடும்வரை விடாதே என்பது நித்திலா அதற்குப் போட்ட கட்டளை.

கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். கடலை ஒட்டிய முதல் தெரு ஐஸ் பேக்டரி தெரு. பேக்டரிக்காரர் கலியமூர்த்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாம்மா. ஒன் பலகை பிரமாதம். எங்க தெருவ ஒட்டிக் கல்லு கொட்டியிருக்குல்ல, அதுல முட்டிக்கிட்டுத் தண்ணி அப்படியே கோயில் தெருவுக்குப் போயிடுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லிக்கல. பொழுது போயி பொழுது வந்தா மூஞ்சியப் பாக்கறோம். ஒன் வூடு முழுவப் போவுதுன்னு எந்த வாயால சொல்றது?"

ஐஸ் பேக்டரி தெருவுக்குத்தான் ஊரிலேயே அதிகத் தண்ணீர். நித்திலா மேற்கே நடந்தாள். தபாலாபீஸ் தெருவில் கேட்டாள். அங்கே பள்ளிக்கூடத் தெருக்காரர்களை நினைத்து வருத்தப்பட்டார்கள். பள்ளிக்கூடத் தெருவில் ஊராட்சித் தலைவர் அஞ்சலாட்சியின் வீடு. அவர் மாதா கோயில் தெருவுக்காக உண்மையாகவே கண்கலங்கினார். ஊர் முழுக்கப் பக்கத்துத் தெருவுக்காக உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் வாசலில் நின்று நல்லதல்லாததைச் சொல்லக் கூடாது என்கிற நல்ல மனசு எல்லோருக்கும் இருந்தது. அந்த நல்ல மனசால்தான், பலகை சொன்ன பொய் யார் வாயிலும் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துக்கொண்டிருந்தது.

அக்காவை அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலக வாசலுக்குப் போனாள். இருவரும் தோளோடு தோள் ஒட்டிப் பலகை முன் நின்றார்கள்.

"தண்ணி எது வரைக்கும் வருதுன்னு விரல வச்சு இழு, அக்கா."

வேதவல்லி பலகையில் விரலை வைத்துக் கோடு இழுத்தாள். கோயில் வாசலில் நின்று, வளைந்து, ஆற்றோரமாக ஓடியது அந்த விரல். நித்திலாவின் கண்ணுக்கு அந்த விரல் நீல நிறத்தின் நடுவே நீந்திக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே சென்னைக்குப் பேசினாள். அவளுடைய பிரிவில் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஜாபர், பலகையின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரத்தில் திரும்ப அழைத்தான்.

"மேடம், நாம பலகைக்கு ஒரே ஒரு வேலதான குடுத்தோம்? தல ஆடணும்."

"புரியணும்னு குடுத்தோம், ஜாபர்."

"புரியறது கேமராவுல தெரியுமா? தல ஆடறதுதான் தெரியும். ஆரம்பத்துல நெசக் கணக்கத்தான் காட்டிருக்கு. ஒருத்தர் தலையும் ஆடல. தண்ணிய ஒரு வீடு பின்னாடி தள்ளிப் பாத்திருக்கு, ரெண்டு வீடு தள்ளிப் பாத்திருக்கு. அவங்கவங்க வாசலுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினதும் டக்குனு தல ஆடிடுச்சு. ஊர் மொத்தத்துக்கும் இதே கததான் மேடம். அவங்கவங்களோட பேரம் பேசி, கடல அங்கங்க நிறுத்தி வச்சிருக்கு."

நித்திலா அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? டாக்டர் மருந்தை விளக்கும்போது ஆட்டுவோம், பிறகு மருந்துக்கடையில் போய் "இத எப்ப சாப்பிடணும்?" என்று கேட்போம். இன்சூரன்ஸ்காரர் பேச ஆரம்பித்தால், அவர் எழுந்து போகட்டும் என்பதற்காகவே ஆட்டுவோம். ஆமாம் என்பதற்கும், இருக்கட்டும் பார்க்கலாம் என்பதற்கும், ஆளை விடப்பா என்பதற்கும் நம்மிடம் இருப்பது அந்த ஒரே ஆட்டல். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கட்டளை எழுதியபோது மறந்து தொலைத்துவிட்டாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் இணை இயக்குநர் சம்பந்தமூர்த்தி வந்து இறங்கினார். நித்திலாவின் மேலதிகாரி. கெட்டவர் இல்லை. வேலை முடிந்தது என்று கோப்பில் எழுதினால், வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவர். ஊராட்சி அலுவலகத்தில் இளநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நித்திலா, இந்த ஊர்ல தலையாட்டாத ஆளே இல்ல. மாநிலத்துல எங்கயும் இப்படி நடந்ததில்ல. நாளைக்குத் தீர்மானம் தானா நிறைவேறப் போகுது. நீங்க ஏன் இப்ப கெளர்றீங்க?"

"தீர்மானத்துல என்ன எழுதியிருக்கோம் சார்? 'பாதிக்கப்படும் குடும்பங்கள் முந்திரித்தோப்பு மேட்டுக்குக் குடிபெயர இந்த ஊர் சம்மதிக்கிறது.' எல்லாரும் கை தூக்குவாங்க. பக்கத்துத் தெரு போகட்டும்னு தூக்குவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவாங்க. ஒரு குடும்பம்கூடக் கெளம்பாது."

"அது அடுத்த கட்டம். அப்பப் பேசிக்கலாம்."

"அப்பக் கார்த்திகை வந்துடும் சார்."

சம்பந்தமூர்த்தி இளநீரைக் கீழே வைத்தார். "நாளைக்குத் தீர்மானம் நிறைவேறலைன்னா அந்த மேட்ட வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க. உங்களுக்கே தெரியும். அந்த இடத்துக்காக எத்தன ஆபீஸ் ஏறி இறங்கினீங்க? உங்க புள்ள மாதிரி அது. அதையா கெடுத்துக்கப் போறீங்க?"

அவர் சொன்னது உண்மைதான். ஊருக்கு மேற்கே, ஆறு திரும்பும் இடத்தில் இருந்த அந்தப் பழைய முந்திரித்தோப்பை அவள்தான் தேடிப் பிடித்தாள். வனத்துறை, வருவாய்த்துறை என்று அலைந்து, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கினாள். சித்திரையில் இயந்திரங்கள் வந்து நிலத்தைச் சமன் செய்து மனை பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தாள். கிணற்றுக்குப் பக்கத்து மனை அக்காவுக்கு என்று மனதுக்குள் எழுதியும் வைத்துவிட்டாள். எந்த ஊர்க் கணக்கைப் பார்த்தாலும் நீலம் நீலமாகவே வரும் அந்த வேலையில், அலுவலகப் பலகையில் காய்ந்த மண் நிறத்தில் அவள் தினமும் பார்த்துச் சந்தோஷப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

"பலகைய ஒரே படமாக் காட்டச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் ஒரே படம். அது போதும்."

"அதுக்கு என் கைரேகை வேணும். நான் வைக்க மாட்டேன். நாளைக்கு ஊரே கூச்சல் போடும், தீர்மானம் போகும், இடமும் போகும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தால் கார்த்திகையில் அக்கா கோயில் தெருவில்தான் இருப்பாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நித்திலாவுக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலை சாமியானாவுக்குக் கீழே ஊர் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பின்னால் நிறைய பேர் நின்றார்கள். அண்டாவில் டீ வந்திருந்தது. பலகை ஓரமாக நின்று, வந்தவர் போனவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார். "சம்மதம்னா எல்லாரும் கையத் தூக்குங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நித்திலா மேடையில் ஏறி மைக்கை வாங்கிக்கொண்டாள். முன்வரிசையில் சம்பந்தமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கையத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு விரல மட்டும் நீட்டுங்க. யாரு வீட்டுக்குத் தண்ணி வரும்னு பலகையில பாத்தீங்களோ, அவங்க பக்கமா நீட்டுங்க."

கூட்டம் நெளிந்தது. "இதென்னம்மா காலங்காத்தால?" என்று யாரோ முனகினார்கள். "அடுத்த ஊட்டுக்காரனப் பாத்து அப்படிச் சொல்லலாமா?" என்றார் கலியமூர்த்தி. ஒரு விரலும் எழவில்லை.

"அக்கா, நீ நீட்டு" என்றாள் நித்திலா.

வேதவல்லி தங்கையை முறைத்தாள். ஊர் பார்க்கிறது. வேண்டாவெறுப்பாக, தபாலாபீஸ் தெரு சைக்கிள் கடைக்காரரின் பக்கம் விரலை நீட்டினாள். அவர் வாயைப் பிளந்தார்.

"என்னயா? யக்கா, நான் ஒங்களுக்காக வேண்டிக்கிட்டுத் தேங்கா ஒடச்சிட்டு வந்தன். தண்ணி ஒங்க தெருவுக்குத்தான். எங்க தெருவ விட்டுட்டு அந்தாண்ட பள்ளிக்கூடத் தெருவுக்குப் போயிடுது."

அவர் ஒரு கையை வேதவல்லி பக்கமும் இன்னொரு கையைப் பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் பக்கமும் நீட்டினார். பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் கோபத்தில் மாதா கோயில் தெருவைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் மரியாதை பார்க்கவில்லை. பந்தல் முழுக்க விரல்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும், ஆளாளுக்கு ஆள். சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோனது. தன் மேல் நாலைந்து விரல் படாத ஆள் அங்கே ஒருவரும் இல்லை. தன்னைத் தானே காட்டிக்கொண்ட விரல் ஒன்றுகூட இல்லை. கலியமூர்த்தி தன்னை நோக்கி நீண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீட்டியிருந்த தன் கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பன்னா எது நெசம்?" என்று அஞ்சலாட்சி கேட்டார்.

"பலகை ஒவ்வொருத்தருக்கும் பிடிச்சதக் காட்டிருக்கும்மா. நான் பழக்கினது அப்படி. தப்பு என்னோடது." நித்திலா இறங்கிப் போய்ப் பலகைக்கு வந்த மின்சாரக் கம்பியைப் பிடுங்கினாள். எல்லோருடைய கடலும் ஒரே நேரத்தில் கறுத்துப் போயிற்று. "இனிமே கண்ணால பாக்க வேணாம். காதால கேளுங்க. எல்லாரும் ஒண்ணாக் கேளுங்க."

சென்னையில் இருந்த ஜாபரை அழைத்து, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். "ஜாபர், படத்தத் தொறக்காதீங்க. கார்த்திகைக் கணக்குல தெருவுக்குத் தெரு தண்ணி எவ்வளவு உயரம்னு எண்ண மட்டும் படிங்க. ஊரே கேக்குது."

"ஐஸ் பேக்டரி தெரு, நூத்தி முப்பது சென்டிமீட்டர்" என்றது ஜாபரின் குரல்.

"சென்டிமீட்டர்னா எங்களுக்கு எப்படிம்மா புரியும்?" என்றார் கலியமூர்த்தி. அவருடைய தெருதான் அது. நியாயமான கேள்வி. இத்தனை வருடம் இந்தக் கேள்விக்குத்தான் நித்திலா விதவிதமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இப்போது வரைய ஒன்றுமில்லாமல் நின்றாள்.

"இரு" என்றபடி வேதவல்லி எழுந்து வந்தாள். ஊருக்கே ரவிக்கை தைக்கிறவள். அவள் கைப்பையில் இஞ்சு டேப் இல்லாத நாளே கிடையாது. "நீ அந்தப் பெஞ்சு மேல ஏறி நேரா நில்லு. எல்லாருக்கும் தெரியட்டும்."

நித்திலா போனும் மைக்குமாகப் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். வேதவல்லி கீழே நின்றபடி டேப்பின் நுனியைத் தங்கையின் பாதத்துக்கடியில் வைத்து, மற்றொரு முனையை மேலே இழுத்து, சென்டிமீட்டர் பக்கத்தில் எண்ணைத் தேடி விரலை வைத்தாள். விரல் நித்திலாவின் கழுத்தில் இருந்தது.

கலியமூர்த்தி பார்த்தார். அந்தப் பெஞ்சையும், அதன் மேல் நின்ற பெண்ணையும், அவள் கழுத்தில் இருந்த விரலையும் பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எங்கிருந்து பார்த்தாலும் விரல் கழுத்தில்தான் இருந்தது. "எங்க அம்மாவால எழுந்திரிச்சு நிக்கவே முடியாதே" என்று மட்டும் அவர் சொன்னார்.

"கோயில் தெரு, தொண்ணூத்தாறு."

வேதவல்லியின் விரல் இறங்கி வந்து தங்கையின் இடுப்பில் நின்றது. அவளுடைய சொந்தத் தெரு. விரலை அவள் நகர்த்தவில்லை. அண்ணாந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "அம்மன் வாசப்படின்னு நெனச்சனேடி" என்றாள் மெதுவாக.

மாதா கோயில் தெரு, தபாலாபீஸ் தெரு, பள்ளிக்கூடத் தெரு என்று ஜாபர் படித்துக்கொண்டே போனான். விரல் தொடைக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. எந்தத் தெருவுக்கும் பாதத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு தெரு வரும்போதும் அந்தத் தெருக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அழுதவர்கள் அழுதார்கள்.

கடைசித் தெரு முடிந்ததும் அஞ்சலாட்சி மைக்கை வாங்கினார். "இனிமே என்ன இருக்கு? பாதிக்கப்படும் குடும்பம்னா ஊரு மொத்தமும்தான். நாம எல்லாரும் தோப்புக்குப் போறோம். சம்மதம்னா கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முன்வரிசையில், பின்வரிசையில், பந்தலுக்கு வெளியே நின்றவர்கள்வரை எல்லாக் கைகளும் எழுந்தன. இந்த முறை யாரும் பக்கத்துத் தெருவுக்காகக் கை தூக்கவில்லை. சம்பந்தமூர்த்திகூட எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நித்திலா நினைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் சைக்கிள் கடைக்காரர், தூக்கிய கையை இறக்காமலே. "போற எடத்தயும் படிச்சுட்டா மனசு நெறவா இருக்கும்."

"அதுக்கென்ன அவசியம்? அது மேடு" என்றார் சம்பந்தமூர்த்தி.

"படிக்கட்டும் சார்" என்றாள் நித்திலா. சந்தோஷமாகவே சொன்னாள். அக்காவின் விரல் பாதத்தில் போய் நிற்பதை ஊர் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. மைக்கை மறுபடி வாங்கிப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "ஜாபர், முந்திரித்தோப்பு மேடு படிங்க."

ஒலிபெருக்கியில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம்... ஸ்பீக்கர எடுத்துட்டுப் பேசலாமா?"

அந்தக் கேள்வியிலேயே ஏதோ தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. முன்வரிசையிலிருந்து சம்பந்தமூர்த்தி மைக்செட்காரரைப் பார்த்து, நிறுத்து என்று சைகை காட்டினார். பந்தலில் எல்லாக் கைகளும் இன்னும் மேலேயே இருந்தன. இந்தத் தீர்மானத்துக்காக, இந்த இடத்துக்காக, எத்தனை வருட உழைப்பு? வேண்டாம் ஜாபர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"வேணாம். எல்லாரும் கேக்கற மாதிரியே படிங்க."

"முந்திரித்தோப்பு, நூத்திப் பதினெட்டு."

வேதவல்லி டேப்பை இழுத்தாள். விரல் தங்கையின் முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, நெஞ்சில் போய் நின்றது. கோயில் தெருவைவிட மேலே.

"சித்திரையில மேட்ட வெட்டிச் சமன் பண்ணினப்பவே மேடு போயிடுச்சு மேடம்" என்றது ஜாபரின் குரல். "ஆறு திரும்பற எடம் வேற. தண்ணி கடல் பக்கமிருந்து வரல, பின்னாடியிலிருந்து வருது. புது அளவு ஆனி மாசமே கணக்குல ஏறிடுச்சு. நீங்க ஆபீஸ் பலகையில தெனமும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"பாத்தேன்" என்றாள் நித்திலா. "காஞ்சு கெடந்துச்சு."

சம்பந்தமூர்த்தி அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கும்தான்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

பந்தலில் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "அப்ப நாங்க எங்கதாம்மா போறது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் நித்திலாவை அறுத்தது.

"தெரியலம்மா. எனக்கும் உங்களோட சேந்து இப்பதான் தெரியுது. கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த வட்டாரத்துல இருக்கற ஒவ்வொரு எடத்தயும் படிக்கச் சொல்றேன். இங்கயே, உங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி. நான் இப்படியே நிக்கிறேன். பாதத்தத் தொடுற எடம் கெடைக்கற வரைக்கும் நான் இந்தப் பெஞ்சுலேருந்து எறங்க மாட்டேன்."

தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேதவல்லி டேப்பைச் சுருட்டப் போனாள். நித்திலா குனிந்து அவள் கையைப் பிடித்து, விரலை மறுபடி தன் நெஞ்சிலேயே வைத்து அழுத்தினாள்.

"எடுக்காத, அக்கா. பின்னாடி நிக்கிறவங்க இன்னும் பாக்கல."